பைமாலுக்குச் சொந்தமாக ஸ்கிரிப்ட் எழுதுவதை எங்கிருந்து தொடங்குவது?

பைத்தான் ஓரளவு தெரியும் என்றும், புரதங்களின் முப்பரிமாண வடிவத்தைத் திரையில் காட்டும் மென்பொருளான பைமாலில் இல்லாத கட்டளைகளை நீங்களே உருவாக்க விரும்புவதாகவும் கேட்டிருக்கிறீர்கள். வியாசர்பாடிப் பக்கம் உயிர்வேதியியல் படிக்கும் சில மாணவர்களுக்கு மாலை வேளைகளில் இதைச் சொல்லிக்கொடுத்து வருவதால், அவர்கள் வழக்கமாகத் தடுமாறும் இடங்களை வைத்தே பதில் எழுதுகிறேன்.

வாரன் டிலானோ உருவாக்கிய பைமாலை இப்போது ஷ்ரோடிங்கர் நிறுவனம் பராமரிக்கிறது. உரிமம் வாங்க வேண்டிய பதிப்போடு திறந்த மூலப் பதிப்பும் உண்டு. அதைக் கோண்டா என்னும் மென்பொருள் நிறுவும் கருவி வழியாக நிறுவிக்கொள்ளலாம். எங்கள் மாணவர்களின் பழைய லேப்டாப்புகளிலும் நன்றாகவே ஓடுகிறது.

புதுக் கட்டளை சேர்ப்பது எளிது. பைத்தானில் ஒரு ஃபங்ஷனை எழுதி, ‘எக்ஸ்டெண்ட்’ மூலம் அதற்கொரு பெயரைப் பதிவு செய்துவிட்டு, ‘ரன்’ கட்டளையால் கோப்பை ஏற்றினால், அந்தப் பெயர் மற்றக் கட்டளைகளைப் போலவே வேலை செய்யும். எதை எண்ணுகிறோம், எதை அளக்கிறோம் என்பதை ஐயத்துக்கு இடமின்றி வரையறுப்பதுதான் உண்மையான வேலை.

மனித டீஆக்சிஹீமோகுளோபினின், அதாவது ஆக்சிஜன் ஏறாத ஹீமோகுளோபினின், கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள் (புரதத் தரவகத்தில் அதன் குறி 4எச்எச்பி). இரும்பைத் தாங்கும் ஒவ்வொரு ஹீமையும் சுற்றி 4 ஆங்ஸ்ட்ராமுக்குள் உள்ள அமினோ அமிலங்களைப் பட்டியலிட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ‘இட்டரேட்’ கட்டளை ஒவ்வோர் அணுவாகச் செல்வதால், முழு அமினோ அமிலத்தையும் தெரிவு செய்திருந்தால் ஹிஸ்டிடின் ஒன்றே 10 முறை பட்டியலில் வந்து நிற்கும். சரி, அமினோ அமில எண்களை மட்டும், ஒரே மதிப்பை ஒருமுறைதான் வைத்துக்கொள்ளும் ஒரு செட்டில் போட்டு மறுபதிவுகளை நீக்கலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். அங்கேதான் கணக்கு அடிபடுகிறது. இரும்பைப் பிடித்திருக்கும் ஹிஸ்டிடின், ஆல்ஃபா சங்கிலிகளான ஏ, சி இரண்டிலும் 87ஆவது. பீட்டா சங்கிலிகளான பி, டி இரண்டிலும் 92ஆவது. எனவே, நான்கு ஹிஸ்டிடின்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டே மிஞ்சும். பிழைச் செய்தி எதுவும் வராது. சங்கிலி எழுத்தையும் எண்ணையும் சேர்த்துப் பதிவு செய்வதே சரி. அந்த எண்ணையும் முழு எண்ணாக மாற்ற அவசரப்பட வேண்டாம்: ஆன்டிபாடி அமைப்புகளில் ‘52ஏ’ போன்ற எண்கள் வருவதால்தான் பைமால் அதை எழுத்துச் சரமாக வைத்திருக்கிறது.

இன்னும் இரண்டு இடறல்கள் உண்டு. கட்டளைவரியில் தட்டச்சு செய்யும் 4 உங்கள் ஃபங்ஷனுக்கு எழுத்துச் சரமாகவே வந்து சேரும். ஃப்ளோட்டாக, அதாவது தசம எண்ணாக, மாற்றாமல் பெருக்கினால் விபரீதம்தான். அதைவிடப் பொல்லாதது, எதையேனும் அணைக்க நினைத்து 0 என்று கொடுப்பது. சரமாக வரும் ‘0’ பைத்தானுக்கு உண்மை மதிப்பு. அடுத்து, இட்டரேட்டுக்குள் எழுதும் கோவைக்கு உங்கள் ஃபங்ஷனின் உள்மாறிகள் தெரியாது. வேண்டிய பட்டியலை ‘ஸ்பேஸ்’ என்னும் அளபுருவின் வழியே நீங்கள்தான் அனுப்ப வேண்டும்.

நன்றாக ஓடும் கோப்பை, பைமால் தொடங்கும்போது படிக்கும் பைமால்ஆர்சி கோப்பில் ஒரு ரன் வரியாகச் சேர்த்துவிட்டால் ஒவ்வொரு முறையும் தானே ஏறிக்கொள்ளும். இதே வகை மென்பொருளான கைமெராஎக்ஸுக்கும் பைத்தான்தான், வி.எம்.டி. என்னும் இன்னொன்றில் பெரும்பாலும் டிசிஎல் மொழிதான், முதல் மொழியாக அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்த பயிற்சியாக, புரதச் சங்கிலியின் முதுகெலும்பு எப்படித் திரும்புகிறது என்பதைக் காட்டும் ஃபை, சை கோணங்களை எடுத்து ராமச்சந்திரன் வரைபடம் போடுங்கள். ஜி.என். ராமச்சந்திரனும் அவருடைய சகாக்களும் 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியிட்டது அது. நம் ஊர்ச் சரக்கு என்பதாலேயே மாணவர்களுக்கு அதில் ஒரு தனி ஈடுபாடு. பைமாலின் ‘கெட்_ஃபைசை’ கோணங்களை நேரடியாகத் தரும். சங்கிலியின் இரு முனைகளில் உள்ள அமினோ அமிலங்களுக்கு இரண்டில் ஒரு கோணம் இருக்காது என்பதால் அவை விடுபடுவது பிழையன்று. கிளைசினை மட்டும் வேறு நிறத்தில் குறியுங்கள். பக்கச் சங்கிலி இல்லாத அது, மற்றவற்றுக்குத் தடைப்பட்ட பகுதிகளிலும் விழும்.