சிவிடி கியர்பாக்ஸில் ஆயிலை மாற்றவே வேண்டாமா?

கேள்வி: பழைய கார் ஒன்றை வாங்கி ஓட்டுகிறேன். சிவிடி கியர்பாக்ஸ் (கியர் படிகள் இல்லாத ஆட்டோமேட்டிக்); 62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கியர்பாக்ஸ் ஆயில் ஆயுள் முழுவதும் வரும், தொடவே வேண்டாம் என்கிறது நிறுவனத்தின் சர்வீஸ் மையம். வெளி ஒர்க்‌ஷாப்பிலோ, இயந்திரத்தை இணைத்து உள்ளே கழுவி, ஒரு மருந்தும் ஊற்றினால் புதிது போலாகிவிடும் என்கிறார்கள். யாரை நம்புவது? சிக்னலில் நிற்கும்போது நியூட்ரலுக்கு மாற்றினால் கியர்பாக்ஸ் நீடிக்குமா?

பதில்: இருவரையும் நம்ப வேண்டாம். ஆயிலை மாற்றுங்கள். அடியில் உள்ள திருகைக் கழற்றி வடித்துவிட்டு, உங்கள் காருக்கென்று கையேட்டில் குறிப்பிட்ட ஆயிலை ஊற்றச் சொல்லுங்கள். கழுவலும் வேண்டாம், மருந்தும் வேண்டாம்.

இந்தக் கியர்பாக்ஸில் வேகத்துக்கு வேகம் மாறும் பற்சக்கரங்கள் கிடையாது. இரண்டு கப்பிகள், அவற்றுக்கிடையே ஓர் எஃகுப் பட்டை, அவ்வளவுதான். கப்பிகள் ஆயிலின் அழுத்தத்தால் பட்டையை நெருக்கிப் பிடிக்கின்றன. எஞ்சினின் முழு விசையும் அந்தப் பிடி வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. ஆகவே இந்த ஆயில் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வேலைகளைச் செய்தாக வேண்டும்: உலோகம் தேயாமல் வழவழப்பும் தர வேண்டும், பட்டை வழுக்காமல் பிடிமானமும் தர வேண்டும். சூட்டில் வெந்து வெந்து அந்தத் திறன் குறைகிறது. பட்டை சிறிது வழுக்கினாலும் கப்பியின் முகத்தில் கீறல் விழும். கீறலிலிருந்து உதிரும் உலோகத் துகள், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வுகளில் போய்ச் சிக்கும். அழுத்தம் குறைந்தால் மேலும் வழுக்கும். கார் உதறுவதை நீங்கள் உணரும்போது கீறல் விழுந்து பல நாள் ஆகியிருக்கக்கூடும். அதனால்தான், அறிகுறி தெரிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சு இந்தக் கியர்பாக்ஸுக்கு ஆகாது.

"ஆயுள் முழுவதும்" என்று சொன்னவரிடம், எத்தனை கிலோமீட்டர் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தர மாட்டார். உங்கள் கையேட்டையும் ஒருமுறை பொறுமையாகப் புரட்டுங்கள். பல கையேடுகளில் "கடினமான பயன்பாடு" என்று தனியாக ஓர் அட்டவணை இருக்கும். நெரிசலில் ஊர்வது, குறுகிய தூரப் பயணம், மலையேற்றம், கடும் வெப்பம், பாரம் இழுப்பது எல்லாம் அதில் வரும். நகரத்தில் கார் ஓட்டுகிறவர்களில் யார்தான் அதில் அடங்க மாட்டார்கள்? பெரும்பாலானோரின் அன்றாடத்தை விதிவிலக்காக்கிச் சிறிய எழுத்தில் அச்சிட்டுவிட்டு, விற்கும் இடத்தில் மட்டும் "பராமரிப்பே தேவையில்லை" என்று சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை. போதாததற்கு, ஆயில் அளவைப் பார்க்கும் குச்சியையும் பல கார்களிலிருந்து எடுத்துவிட்டார்கள். தன் காரின் ஆயில் என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்க்கக்கூட உரிமையாளருக்கு வழியில்லை.

என் கணக்கு எளிது: 40,000 முதல் 60,000 கிலோமீட்டருக்குள் ஒருமுறை மாற்றிவிட வேண்டும். உங்கள் காரின் முந்தைய வரலாறு தெரியாததால் இப்போதே மாற்றுங்கள். ஒருமுறை வடித்தால் ஏறத்தாழ பாதி ஆயில்தான் இறங்கும். மீதி உள்ளேயே தங்கிவிடும். எனவே சில ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டியபின் இன்னொரு முறை வடித்து ஊற்றுவது நல்லது. கியர்பாக்ஸின் அடியில் உள்ள ஆயில் தட்டைக் கழற்றினால் அதிலுள்ள காந்தங்களைத் துடைக்கச் சொல்லுங்கள். மெல்லிய சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருந்தால் கவலையில்லை. கையில் குத்தும் சில்லுகள் இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

எதில் ஏமாற்றுவார்கள் என்று சொல்கிறேன். முதலாவது, "எல்லா சிவிடிக்கும் பொருந்தும்" என்ற ஆயில். ஹோண்டாவுக்கு எச்சிஎஃப்-2, நிசானுக்கு என்எஸ்-3, டொயோட்டாவுக்கு எஃப்இ என்று ஆளுக்கொரு வகை இருக்கிறது. ஒரே நிறுவனத்தின் பழைய மாடலுக்கும் புதிய மாடலுக்கும்கூட மாறும். சாதாரண ஆட்டோமேட்டிக் ஆயிலை ஊற்றுவது, சோப்புக் கையால் கயிறு இழுப்பதற்குச் சமம். முத்திரை உடைக்காத டப்பாவை உங்கள் கண்ணெதிரே திறக்கட்டும். பில்லில் ஆயிலின் வகைப் பெயர் இருக்கட்டும். இரண்டாவது, அளவு. ஆயில் எந்தச் சூட்டில் இருக்கும்போது அளவு பார்க்க வேண்டும் என்று நிறுவனம் வரையறுத்திருக்கிறது. அந்த எண்ணைக் கேட்டுப் பாருங்கள். சொல்லத் தெரியாத மெக்கானிக்கிடம் காரை விடாதீர்கள். அதிகம் ஊற்றினால் நுரைக்கும், நுரையால் பட்டையை நெருக்க முடியாது.

எல்லாவற்றையும்விட மோசமானது இன்னொன்று. கார் லேசாக உதறும். ஒருவர் ஓட்டிப் பார்த்துவிட்டு, "கியர்பாக்ஸ் போய்விட்டது, எனக்குத் தெரிந்த இடத்தில் ரிப்பேர் செய்த பெட்டி இருக்கிறது" என்பார். அவருக்கு அங்கே கமிஷன். உதறல் பழைய ஆயிலால் வரலாம், எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் கிழிந்ததால் வரலாம், மென்பொருளைப் புதுப்பித்தால் தீரலாம். ஸ்கேனரில் தெரியும் பிழைக் குறியீடுகளை எழுத்தில் வாங்காமல், ஆயிலை மாற்றிப் பார்க்காமல், கியர்பாக்ஸைக் கழற்ற ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். கழற்றிய பின் உங்கள் பேச்சு அங்கே எடுபடாது.

உங்கள் கார் ஹைப்ரிடா என்று நீங்கள் எழுதவில்லை. அதனால் இதையும் சொல்லியாக வேண்டும். டொயோட்டா பிரியஸ் போன்ற ஹைப்ரிட் கார்களில் "இ-சிவிடி" என்று போட்டிருக்கும். அதில் பட்டையும் இல்லை, கப்பியும் இல்லை. ஒரு கோள்சக்கரத் தொகுப்பும் (நடுப் பற்சக்கரத்தைச் சுற்றிச் சிறிய பற்சக்கரங்கள் அமைந்தது) இரண்டு மின் மோட்டார்களும்தான். மேலே சொன்ன வழுக்கல், கீறல் எதுவும் அதற்குப் பொருந்தாது. அவற்றில் பலவற்றுக்கு ஊற்றுவது சிவிடி ஆயிலே அல்ல. பெயரைப் பார்த்துச் சிவிடி ஆயிலை ஊற்றிவிட்டால் அதுவே கேடு. அதற்காக ஹைப்ரிட் என்றாலே பட்டை இல்லை என்றும் முடிவு கட்டாதீர்கள். ஹோண்டாவின் பழைய ஐஎம்ஏ (எஞ்சினுக்கு மோட்டார் துணை செய்யும் அமைப்பு) ஹைப்ரிட் கார்களில் பட்டை வைத்த சிவிடி வந்தது. சிறிய மோட்டார் துணை மட்டும் உள்ள கார்களிலும் அது இருக்கலாம். காரின் பின்புறம் ஒட்டிய எழுத்தை நம்பாமல், கையேட்டில் ஆயிலின் பெயரைப் பாருங்கள்.

சிக்னல் விஷயம்: நியூட்ரலுக்கு மாற்ற வேண்டாம். டி (டிரைவ்) நிலையிலேயே வைத்து பிரேக்கை அழுத்துங்கள். மாற்றி மாற்றிப் போட்டால் உள்ளிருக்கும் கிளட்ச் ஒவ்வொரு முறையும் பிடித்து விடுகிறது, தேய்மானம்தான் மிச்சம். மேட்டில் நிற்கும்போது ஆக்சிலரேட்டரால் காரைத் தாங்கிப் பிடிப்பது அதைவிடக் கெடுதல், ஆயில் அளவுக்கு மீறிச் சூடாகிவிடும். ரிவர்ஸிலிருந்து டி-க்கு மாற்றும்முன் கார் முழுவதுமாக நிற்கட்டும். சேற்றில் சக்கரம் சுழன்றால் மேலும் மேலும் அழுத்தாதீர்கள். சுழலும் சக்கரம் திடீரென்று தரையைப் பிடிக்கும்போது அந்த அடி நேராகப் பட்டையில் விழுகிறது.

கார் வழியில் நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். எஞ்சின் ஓடாதபோது ஆயில் பம்பும் ஓடாது, கப்பியும் பட்டையும் வறண்டு உரசும். நான்கு சக்கரமும் மேலே ஏறும் தட்டு வண்டிதான் வேண்டும் என்று தொலைபேசியில் கேட்கும்போதே சொல்லிவிடுங்கள்.