பசுமைவழி என்றால் என்ன? அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

ஊருக்கு நடுவே மோட்டார் வண்டி நுழையாமல், மிதிவண்டிக்கும் நடைக்கும் மட்டுமாக மரநிழலில் ஓடும் தனிப்பாதைதான் பசுமைவழி. பல இடங்களில் கைவிடப்பட்ட ரயில் தடத்தில் போடுவார்கள். நிலம் நீளவாக்கில் ஒரே துண்டாகக் கிடக்கும். ரயில் செங்குத்தாக ஏறாது என்பதால் மிதிப்பவருக்கும் மூச்சு வாங்காது.

பணம்? அமெரிக்காவின் அட்லாண்டா நகரில், பழைய ரயில் தடங்களை இணைக்கும் சுமார் 35 கி.மீ. 'பெல்ட்லைன்' வளையத்துக்கு 2005இல் ஒரு வழி கண்டார்கள். பாதை வந்தால் சுற்றியுள்ள நிலமதிப்பு ஏறும். அதனால் கூடும் சொத்து வரியைப் பாதைக்கே ஒதுக்கினார்கள். கறக்கப்போகும் பாலை நம்பி மாட்டுக்கடன் வாங்குகிற கதைதான். (2008 பொருளாதாரச் சரிவுக்குப் பின் பால் குறைந்துபோனது வேறு விஷயம்.)

தார் போடுவதுதான் பெரிய செலவு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் சாலைகளைக் கடக்கக் கட்டும் பாலமும் சுரங்கப்பாதையும்தான் பணத்தை விழுங்கும்.