வாசகர் கேள்வி – பதில்: கைப்பேசியில் வானம் ஏன் ஆடுகிறது?

ராத்திரி மொட்டை மாடியில், போனை நீட்டும் பக்கத்து வானத்தைத் திரையில் காட்டும் ஸ்கை மேப் ஆப்பைத் திறந்தால் நட்சத்திரங்கள் ஓரிடத்தில் நிற்காமல் துடிக்கின்றன. தங்கையின் போனில் அதே ஆப் வழுக்கிக்கொண்டு போகிறது. என் போன் பழுதா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பழுதாக இருக்காது. உங்கள் போனில் கைரோஸ்கோப் இல்லை என்றே தோன்றுகிறது. போன் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை மூன்று சென்சார்கள் சேர்ந்து சொல்கின்றன. எது கீழ் என்று ஆக்சிலரோமீட்டர் சொல்லும், எது வடக்கு என்று காந்தமானி சொல்லும், போன் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று கைரோஸ்கோப் சொல்லும். முதல் இரண்டிலும் இரைச்சல், அதாவது அளவில் வரும் தேவையற்ற ஏற்ற இறக்கம், அதிகம். கை லேசாக நடுங்கினாலும் ஆக்சிலரோமீட்டர் அதைச் சாய்வு என்று எடுத்துக்கொள்ளும். அந்தத் துடிப்பை அடக்குவது கைரோதான். விலை குறைந்த போன்களில் முதலில் விடுபடுவதும் அதுதான்.

போன் சென்சார்களின் அளவுகளைக் காட்டும் ஃபைபாக்ஸ் என்ற இலவச ஆப்பை இறக்கி அதில் கைரோஸ்கோப் பகுதியைத் திறந்து பாருங்கள். சென்சார் இல்லாவிட்டால் இல்லை என்றே சொல்லிவிடும். அப்படியானால் ஸ்கை மேப் அமைப்புகளில் சென்சார் டேம்பிங்கை, அதாவது ஆட்டத்தை அடக்கும் அளவை, கூட்டுங்கள். படம் அடங்கும், ஆனால் போனைத் திருப்பிய பிறகு வானம் சற்றுத் தாமதமாக வந்து சேரும். அடக்கமும் வேகமும் ஒருசேரக் கிடைக்காது. முழங்கையைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றிக்கொள்வது டேம்பிங்கைவிட நல்ல வைத்தியம்.

என் போனில் கைரோ உண்டு, படம் ஆடுவதே இல்லை. ஆனால் நிலா ஒரு பக்கம் இருக்க, ஆப் வேறு பக்கம் காட்டுகிறது. திசையைச் சரிசெய்யப் போனைக் காற்றில் 8 வடிவில் சுழற்றி எட்டு போட்டும் சரியாகவில்லை.
– வாசகர், காசிமேடு

ஆடுவது ஒரு கோளாறு, திசை தப்புவது வேறு கோளாறு. எவ்வளவு மென்மையாக்கினாலும் தப்பான வடக்கு தப்பான வடக்குதான். இங்கே பார்க்க வேண்டியது காந்தமானியை.

ஃபைபாக்ஸில் காந்தப்புலத்தின் மொத்த அளவைப் பாருங்கள். சென்னையில் அது 40 முதல் 42 மைக்ரோடெஸ்லா வரை இருக்க வேண்டும். 60, 80 என்று காட்டினால் பக்கத்தில் இரும்போ காந்தமோ இருக்கிறது. முதல் சந்தேகம் போன் உறை மீது விழட்டும். மடக்கும் உறையின் மூடியில் சின்னக் காந்தம் இருக்கும். பைக் ஹோல்டருக்காகப் பின்னால் ஒட்டிய தகடும் அதே வேலையைச் செய்யும். கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள்.

அடுத்தது மாடி. சின்டெக்ஸ் டேங்க் பிளாஸ்டிக்தான், அதைத் தாங்கும் ஆங்கிள் இரும்பாயிற்றே. மேல்தளம் எழுப்பலாம் என்று விட்டுவைத்த பில்லர் கம்பிகள், தகரக் கொட்டகை, பைப் கைப்பிடி எல்லாமே ஊசியை இழுக்கும். போனைக் கையில் பிடித்தபடி கம்பியை நோக்கி மெல்ல நடந்தால் எண் மாறுவது கண்ணுக்கே தெரியும். எண் 40-ஐ ஒட்டியும் நிலையாகவும் இருக்கும் இடத்தைத் தேடி அங்கே நின்று எட்டு போடுங்கள். தளத்துக்குள்ளும் கம்பி இருப்பதால் போனைத் தரையில் வைக்காமல் மார்பு உயரத்தில் பிடியுங்கள். கம்பிக்குப் பக்கத்தில் நின்று எட்டு போட்டால் கம்பியின் புலத்தையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு, நகர்ந்ததும் மறுபடி தப்பும். உங்களுக்கு நடப்பதும் இதுவாகவே இருக்கலாம்.

சரியாகிவிட்டதா என்று பார்க்கத் துருவ நட்சத்திரம் போதும். நமக்கு அது வடக்கே, அடிவானத்துக்கு மேல் சுமார் 13 டிகிரியில் நிற்கும். கையை முழுதாக நீட்டி முஷ்டி பிடித்தால் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி. ஒரு முஷ்டிக்குச் சற்று மேலே பாருங்கள். எண்ணூர், மணலி விளக்குகளின் வெளிச்சத்தில் அது தெரியாமல் போனால் நிலாவே போதும்.

காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் சென்னையில் உள்ள வித்தியாசம் 2 டிகிரிக்குள்தான். ஆகவே 30 டிகிரி தப்பினால் அதன்மேல் பழி போடாதீர்கள்.

ஆண்ட்ராய்டில் வான ஆப் ஒன்று எழுதுகிறேன். கோணங்களை, திடீர் மாற்றங்களை மென்மையாக்கும் லோ-பாஸ் ஃபில்டரில் விடுகிறேன். வடக்கைத் தாண்டும்போது வானம் முழுச் சுற்றுச் சுற்றுகிறது. போனை நேராக நிமிர்த்தினால் பைத்தியம் பிடிக்கிறது.
– கல்லூரி மாணவர், பெரம்பூர்

இரண்டும் கோணங்களைக் கொண்டு வேலை செய்வதால் வருபவை. 359-க்கும் 1-க்கும் சராசரி 180 என்று உங்கள் ஃபில்டர் நினைக்கிறது, அதனால்தான் தெற்கைச் சுற்றி வருகிறது. நிமிர்த்தும்போது நேர்வது கிம்பல் லாக். ஆண்ட்ராய்டின் கெட்ஓரியன்டேஷன் செயற்கூறு தரும் பிட்ச் (முன்பின் சாய்வு) கோணம் அங்கே 90 டிகிரியை எட்டுவதால் மற்ற இரண்டு கோணங்களும் பொருளிழக்கின்றன. அச்சுகளை மாற்றியமைக்கும் ரீமேப்கோஆர்டினேட்சிஸ்டத்தில் எக்ஸ், இசட் அச்சுகளைக் கொடுத்தால் சிக்கல் உச்சி வானத்துக்குத் தள்ளிப்போகும், தீராது. வான ஆப்புக்கு உச்சி வானமும் வேண்டுமே. கோணங்களை விட்டுவிட்டு, போனின் நிலையை நான்கு எண்களால் குறிக்கும் குவாட்டர்னியனிலேயே எல்லாவற்றையும் செய்யுங்கள், இரண்டு குவாட்டர்னியன்களுக்கு இடையே சீராக நகர்த்தும் ஸ்லெர்ப் கொண்டு மென்மையாக்குங்கள். ஒரு எச்சரிக்கை: q என்ற குவாட்டர்னியனும் குறி மாறிய −q-வும் ஒரே நிலையைக் குறிக்கும். பழையதோடு புள்ளிப் பெருக்கல் எதிர்மமாக வந்தால் குறியை மாற்றிவிட்டுக் கலக்குங்கள். இல்லாவிட்டால் எப்போதாவது ஒருமுறை படம் தாவும், காரணம் பிடிபடாது.

மென்மையின் அளவை மாறாமல் வைக்காதீர்கள். விநாடிக்கு 50 அளவுகள் வரும்போது கலப்பு விகிதம் (புதிய அளவுக்குத் தரும் பங்கு) 0.1 என்றால் தாமதம் சுமார் 0.2 விநாடி, 0.02 என்றால் ஒரு விநாடி. போன் விநாடிக்கு 2 டிகிரிக்குக் குறைவாக நகர்ந்தால் 0.02, 30 டிகிரியைத் தாண்டினால் 0.5-க்கு மேல், நடுவில் படிப்படியாக என்று வைத்துப் பாருங்கள். இரண்டு அளவுகளுக்கு இடையிலான நேர இடைவெளியை சென்சார் நிகழ்வின் டைம்ஸ்டாம்ப்பிலிருந்தே (நேரக் குறிப்பு) கணக்கிடுங்கள். ஆண்ட்ராய்டின் வேகத் தேர்வுகளில் சென்சார் டிலே யூஐ 60 மில்லிவிநாடிக்கு ஓர் அளவு தரும். திரையோ ஏறக்குறைய 17 மில்லிவிநாடிக்கு ஒருமுறை வரைகிறது, அதனால் வெட்டி வெட்டித் தெரியும். டிலே கேம் 20 மில்லிவிநாடி, அதை எடுங்கள்.

கைரோ உள்ள போனில், போனின் நிலையைக் கணக்கிட்டுத் தரும் கேம் ரொட்டேஷன் வெக்டரைக் கொண்டு படம் வரையுங்கள். அதில் காந்தமானி கலக்காததால் துள்ளாது, ஆனால் வடக்கு தெரியாது, மெல்ல வழுகவும் செய்யும். காந்தமானியும் கலந்த சாதாரண ரொட்டேஷன் வெக்டரோடு ஒப்பிட்டு, வரும் திசை வித்தியாசத்தை விநாடிக்கு அரை டிகிரி வீதம் சரிசெய்துகொண்டே போகலாம். ஆண்ட்ராய்டின் ஜியோமேக்னெடிக்ஃபீல்டு வகுப்பு (கிளாஸ்) அந்த இடத்தில் பூமியின் காந்தப்புல வலிமையைத் தரும். காந்தமானி அதிலிருந்து வெகுவாக விலகினால் திருத்தத்தை நிறுத்திவையுங்கள்.

ஆப்புக்குத் துல்லியமான லொகேஷன் கொடுக்க வேண்டுமா?
– வாசகி, ராயபுரம்

வேண்டாம், தோராயமான இடமே போதும். எண்ணூரிலிருந்து கிண்டி வரை போனாலும் வானம் கால் டிகிரி அளவுக்குத்தான் நகரும். கடிகாரம் தப்பக் கூடாது, ஒரு மணி நேரம் பிசகினால் 15 டிகிரி போய்விடும்.

டெலஸ்கோப் குழாயில் போனைக் கட்டி, ஆப்பைப் பார்த்துத் திருப்பலாமா?
– வாசகர், திருவொற்றியூர்

குழாய் எஃகு என்றால் காந்தமானியை நம்ப முடியாது. காந்தமானியை அணைத்துக் கைரோவில் மட்டும் ஓடும் வசதி ஆப்பில் இருந்தால் அதைப் போடுங்கள். தெரிந்த பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைக் கண்ணருகு வில்லையின் நடுவில் கொண்டுவந்து, ஆப்பிலும் அதே நட்சத்திரம் நடுவில் வரும்படி பொருத்துங்கள். பிறகு பக்கத்துப் பொருளுக்குத் திருப்புங்கள். கைரோ வழுகும் என்பதால் அடுத்த பொருளைத் தேடுமுன் மறுபடி பொருத்த வேண்டும். குறைந்த உருப்பெருக்கம் தரும் வில்லையோடு தொடங்குங்கள், ஒன்றிரண்டு டிகிரி பிசகு சகஜம். செலஸ்ட்ரான் நிறுவனத்தின் ஸ்டார்சென்ஸ் எக்ஸ்புளோரர் டெலஸ்கோப் துல்லியமாக இருப்பதற்குக் காரணம், அது போனின் கேமராவால் நட்சத்திரங்களைப் படமெடுத்து அவற்றின் அமைப்பிலிருந்து இடம் கண்டுபிடிப்பதுதான்.