எலித் தோல் வேறு, மனிதத் தோல் வேறு என்னும்போது தோல் நோய்க்கு எலியில் சோதனை செய்வது வீண்தானே?

உயிரியல் படிக்கும் மாணவர் நீங்கள் என்று நினைக்கிறேன். வகுப்பில் யாரோ இதைக் கிளப்பியிருப்பார்கள். கேள்வியின் முதல் பாதி சரி. எலியின் மேல்தோல் இரண்டு மூன்று செல் அடுக்குதான், நம்முடையது அதைவிடத் தடிமன். சோரியாசிஸ் ஆராய எலியின் முதுகில் இமிக்விமோட் களிம்பைத் தடவி உண்டாக்கும் செதிலும் சில நாள் அழற்சிதான், வருடக்கணக்கில் வந்து வந்து போகும் மனித நோய் அல்ல. அங்கே உங்கள் சந்தேகம் நியாயமானது. ஆனால் 'வீண்' என்ற சொல்லைப் படித்ததும் மனம் கேட்கவில்லை. ஒரு தொழுநோய் ஆய்வகத்தில் பதினெட்டு வருடம் டெக்னீஷியனாக எலிகளோடு இருந்தவன் நான்.

தொழுநோய்க் கிருமியை நார்வே மருத்துவர் ஹான்சன் 1873-லேயே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் மற்ற கிருமிகளைப் போல அதைத் தட்டிலோ குழாயிலோ வளர்க்க இன்றுவரை முடியவில்லை. வளர்க்க முடியாத கிருமியை எந்த மருந்து அடக்கும் என்று எப்படிப் பார்ப்பது? 1960-இல் அமெரிக்காவில் ஷெப்பர்ட் என்ற ஆய்வாளர் அதை எலியின் பாதத்தில் வளர்த்துக் காட்டினார். பாதம் உடம்பைவிடக் குளிர்ச்சி. இந்தக் கிருமிக்கு அதுதான் பிடிக்கும். எலி நோயில் விழுவதில்லை, கிருமி மட்டும் அந்த இடத்தில் பெருகும். ஒன்று இரண்டாகவே பன்னிரண்டு, பதினான்கு நாள் ஆகும்.

1989-இல் ஒரு பெரியவர் வந்தார். பல வருடமாகத் தொழுநோய்க்கு டாப்சோன் என்ற மாத்திரை மட்டும் சாப்பிட்டவர். காது மடலில் புதிதாக முடிச்சுகள். மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை என்று எல்லோரும் அவரைத்தான் குறை சொன்னார்கள். வீட்டில் மருமகளும் அதையே சொல்லியிருக்கிறார். டாக்டர்கள் உடனே பல மருந்துகளைச் சேர்த்துத் தரும் கூட்டு மருந்துக்கு மாற்றிவிட்டார்கள். அதற்கு முன் அவர் தோலிலிருந்து பச்சைப்பயறு அளவு எடுத்து எங்களிடம் அனுப்பினார்கள்.

அதை அரைத்து, கிருமிகளை எண்ணி, ஒரு பாதத்துக்கு ஐயாயிரம் என்ற கணக்கில் ஊசி போட்டோம். சில எலிகளுக்கு வெறும் தீவனம், மற்றவற்றுக்கு மூன்று அளவுகளில் டாப்சோன் கலந்த தீவனம். எட்டு மாதம் காத்திருந்தோம். அப்புறம் பாதத்தை எடுத்து, கத்தரியால் பொடிப்பொடியாக நறுக்கி, அரைத்து, சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். நீலப் பின்னணியில் இளஞ்சிவப்புக் குச்சிகள். அதிக டாப்சோன் சாப்பிட்ட எலியிலும் வெறும் தீவனம் சாப்பிட்டதற்குச் சமமாகவே இருந்தன. நம்ப முடியாமல் இரண்டு முறை எண்ணினேன். மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி அது.

டாக்டர் கூப்பிட்டுச் சொன்னபோது பெரியவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "இதை என் மருமககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க சார்" என்றார்.

அவர் ஒருவர் கதை இல்லை இது. டாப்சோனுக்கு அடங்காத கிருமி உண்டு என்று 1964-இல் முதன்முதலில் நிரூபித்ததும் எலிப் பாதத்தில்தான். நோயாளிகள் மலேசியாவின் சுங்கை பூலோவில் இருந்தவர்கள். அந்த எதிர்ப்பு பல நாடுகளில் பரவியதால்தான் உலக சுகாதார நிறுவனம் 1981-இல் கூட்டு மருந்து சிகிச்சையைப் பரிந்துரைத்தது.

எலியைக் கொன்றதைப் பெருமையாகச் சொல்கிறாயே என்று சிலர் கமெண்டில் வருவார்கள். கொன்றோம், மறைக்கவில்லை. அழகுசாதனப் பொருளுக்கு விலங்குச் சோதனை கூடாது என்று 2014-இல் இந்தியாவில் தடை வந்தபோது மனதார மகிழ்ந்தவன் நான். லிப்ஸ்டிக்கையும் தொழுநோயையும் ஒரே தராசில் வைக்காதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் எழுதிவிடுகிறேன். அந்த வருடங்களில் எனக்கு வாடகைக்கு வீடு கிடைப்பது பெரும்பாடு. ஒரு வீட்டுக்காரர் அட்வான்ஸ் வாங்கிய பிறகு நான் வேலை செய்யும் இடத்தைக் கேட்டுவிட்டு, மறுநாள் காலையிலேயே பணத்தைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். கையில்கூடக் கொடுக்கவில்லை. படித்தவர், வாத்தியார். இன்றும் அந்தத் தெரு வழியாகப் போனால் மனசு கனக்கிறது.

இப்போது கூட்டு மருந்தில் ஒன்றான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி காட்டும் எதிர்ப்பைக் கிருமியின் மரபணுவைப் படித்தே சீக்கிரம் சொல்லிவிடுகிறார்கள், எட்டு மாதம் காத்திருக்க வேண்டாம். நல்லது. எலி தேவைப்படாத இடத்தில் எலி வேண்டாம். ஆனால் மரபணுவில் எந்த மாற்றம் இருந்தால் மருந்து பலிக்காது என்பதை ஒப்பிட்டுச் சரிபார்த்தது அந்தப் பாதங்களை வைத்துத்தான்.