'கோ' என்ற ஆங்கில வினையின் இறந்தகாலம் ஏன் 'வென்ட்'?

'போ' என்று பொருள்படும் 'கோ'வுக்கும் 'போனான்' என்பதைக் குறிக்கும் 'வென்ட்' என்பதற்கும் ஓர் எழுத்துகூடப் பொதுவாக இல்லையே என்று பலரும் கேட்கிறார்கள். காரணம் எளிது: அவை பிறப்பால் இரண்டு வெவ்வேறு வினைகள்.

பழைய ஆங்கிலத்தில் 'கான்' என்ற வினைதான் இன்றைய 'கோ'. அதன் இறந்தகாலம் 'ஏயோடெ'. அதுவும் வேறொரு வேரிலிருந்து வந்ததே. ஆக, இந்த வினைக்கு இரவல் பழக்கம் புதிதல்ல! அருகிலேயே 'வெண்ட்' (wend) என்று இன்னொரு வினை இருந்தது. 'திரும்பு' என்பது அதன் பழைய பொருள். பிறகு 'வழியே செல்' என்றும் ஆனது. 'அனுப்பு' என்று பொருள்படும் 'செண்ட்' (send) இறந்தகாலத்தில் 'சென்ட்' (sent) ஆவதுபோல 'வெண்ட்' 'வென்ட்' (went) ஆயிற்று. 15ஆம் நூற்றாண்டு வாக்கில் 'ஏயோடெ'யின் வழிவந்த வடிவங்கள் தேய, அந்த இடத்தில் 'வென்ட்' வந்து உட்கார்ந்தது. பறிகொடுத்த 'வெண்ட்' தனக்கு 'வெண்டெட்' என்று புதிதாக ஒன்றை வைத்துக்கொண்டது.

பின்சக்கரம் உடைந்த சைக்கிளுக்குப் பக்கத்து வீட்டுச் சைக்கிளின் சக்கரத்தைக் கழற்றி மாட்டியதுபோல. ஓட்டுபவருக்கு இப்போது அது ஒரே வண்டி.

பொருளில் மட்டும் 'கோ' நமக்கு அந்நியமில்லை. 'மழை பெய்யப் போகிறது' என்று எதிர்காலத்துக்கு நாம் 'போ'வை அழைப்பதுபோல ஆங்கிலம் பேசுபவர்களும் 'கோயிங் டு' என்கிறார்கள்.

'வென்ட்' என்பது 'கோ' உருத்திரிந்து வந்த சொல் என்று சிலர் நினைப்பது தவறு; எந்த ஒலிமாற்றமும் ஒன்றை மற்றொன்றாக்கவில்லை.