மூழ்கிய படகும் குவாரி நீரும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: புதுச்சேரிக் கடலில் ஸ்கூபா முக்குளிப்புப் பயின்று, ஓபன் வாட்டர் என்ற தொடக்கநிலைச் சான்றிதழ் வாங்கினேன். இப்போது இங்கிலாந்தின் லெஸ்டரில் படிக்கிறேன். பக்கத்தில் நீர் நிறைந்து கிடக்கும் ஸ்டோனி கோவ் கல்குவாரியில் மூழ்கடிக்கப்பட்டிருக்கும் ஸ்டேன்கார்த் படகுக்குள் நுழைந்து பார்க்க, குளிர்கால விடுமுறையில் நண்பர்கள் அழைக்கிறார்கள். அலை இல்லாத நீர், கடலைவிடச் சுலபம்தானே?
– ஒரு வாசகி

பதில்: இப்போதைக்குப் போக வேண்டாம், தங்கையே. உங்கள் சான்றிதழ் 18 மீட்டர் வரைக்குத்தான். அந்தப் படகு கிடப்பதோ சுமார் 20 மீட்டர் ஆழத்தில். ஆழப் பயிற்சி முடித்தபின் அதைச் சுற்றி வாருங்கள். உள்ளே போவதற்குத் தனிப் பயிற்சி இருக்கிறது; அது இல்லாமல் யார் அழைத்தாலும் மறுத்துவிடுங்கள்.

'சுலபம்' என்பதை நான் ஏற்கவில்லை. அலை இல்லை, உண்மைதான். நீரோட்டமும் இல்லையே! படகின் மேல்தளத்திலும் அறைகளிலும் மெல்லிய வண்டல் படிந்திருக்கிறது. காலில் மாட்டிய துடுப்பை ஒருமுறை கீழ்நோக்கி உதைத்தால் அது எழும்பும். கலங்கலை அடித்துக்கொண்டு போக அங்கே எதுவும் கிடையாது. திறந்த நீரில் இதனால் படம் கெடும், அவ்வளவுதான். அறைக்குள் என்றால் நுழைந்த வாசலே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். தலைக்குமேல் இரும்புக் கூரை. நேராக மேலே வரவும் வழியில்லை. என் மாணவர்களுக்கு முழங்காலை மடக்கித் தவளை உதை உதைக்கத்தான் முதலில் சொல்லித் தருகிறேன். கேமராவெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அடுத்தது எடை. உடலும் கருவிகளுமாக நீங்கள் 100 கிலோ என்றால், மூழ்குவதற்காகக் கட்டிக்கொள்ளும் ஈயம் நன்னீரில் கடலைவிடச் சுமார் இரண்டரை கிலோ குறைவாகப் போதும். ஆனால் புதுச்சேரியில் மெல்லிய உடை அணிந்திருப்பீர்கள். இங்கே ட்ரை சூட், அதாவது நீர் புகாத முழு உடை. அதற்குள் தங்கும் காற்று உங்களை மேலே தூக்கும், ஈயம் கூடுதலாகவே வேண்டியிருக்கும். பழைய கணக்கை மறந்துவிட்டு, குவாரியில் ஆறேழு மீட்டர் ஆழத்திலுள்ள மேல்படியில் புதிதாகச் சோதித்துப் பாருங்கள். அங்கே அசையாமல் மிதக்கக் கைவந்த பிறகு ஆழத்தைப் பற்றிப் பேசலாம்.

குளிரையும் சொல்ல வேண்டும். குளிர்காலத்தில் அந்த நீர் 5 டிகிரி அளவுக்கு இறங்கும். சிலிண்டரிலிருந்து விரிந்து வரும் காற்று, அதை மூச்சுக்கு ஏற்ற அழுத்தத்தில் தரும் ரெகுலேட்டரை மேலும் குளிர்விக்கிறது. உள்ளே பனி கட்டினால் வால்வு திறந்தபடியே நின்று, காற்று சில நிமிடங்களில் காலியாகிவிடும். குளிர்நீருக்கென்றே செய்த ரெகுலேட்டரைக் கேட்டு வாங்குங்கள். கரையில் நின்றுகொண்டு, காற்றைப் பீய்ச்சும் அதன் பொத்தானை அழுத்திப் பார்க்காதீர்கள்; அதுவும் ரெகுலேட்டரைக் குளிர்விக்கும்.

கேள்வி: குவாரிக்குள் படகு எப்படி வந்தது? விபத்தா?
– ஒரு வாசகர்

பதில்: விபத்து இல்லை. ஸ்டேன்கார்த் 1910-இல் கட்டப்பட்ட இழுவைப் படகு. முக்குளிப்பவர்களுக்காகவே 2000-ஆம் ஆண்டு அதை அங்கே மூழ்கடித்தார்கள். 1958-இல் கல் வெட்டுவது நின்றதும் ஊற்று நீர் நிறைந்து உருவான குளம் அது. வடகடல் எண்ணெய்ப் பணிகளுக்கான முக்குளிப்பாளர்கள் 1960-களில் அங்கேதான் பயின்றார்கள். நன்னீரில் இரும்பு துருப்பிடிப்பது கடலைவிட மெதுவாக என்பதால், படகின் உருவம் இன்றும் தெளிவாகத் தெரிகிறது. வெளியிலிருந்து முழுப் படகையும் பார்க்க, கலங்கல் அடங்கியிருக்கும் வார நாள் காலையில் போங்கள்.