தோள்பட்டை எலும்பின் ஓரத்தில் வலி: தேட வேண்டிய இடம் கழுத்து

கேள்வி: எனக்கு 44 வயது. திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் தையல் மெஷினில் வேலை செய்கிறேன். இரண்டு மாதங்களாக வலது தோள்பட்டை எலும்புக்கும் முதுகுத்தண்டுக்கும் இடையில் குத்தலும் கடுப்புமாக வலிக்கிறது. குனிந்து தைக்கும்போது அதிகமாகிறது. சில நாட்களாக வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மரத்துப்போகின்றன. இரவில் வலது கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டால்தான் தூக்கம் வருகிறது. வாயுப் பிடிப்பு என்று சொல்லி இரண்டு முறை நீவிவிட்டார்கள். அன்றைக்கு மட்டும் சுகமாக இருந்தது. மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி வாரத்தில் நான்கைந்து நாட்கள் போட்டுக்கொள்கிறேன். ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். இது இதய வலியாக இருக்குமா? தலையணை இல்லாமல் படுக்கச் சொல்கிறார்களே, சரியா? தையல் வேலையை விட்டுவிட வேண்டியிருக்குமா?

பதில்: உங்களை நேரில் பரிசோதிக்காமல் நோயை உறுதிசெய்ய இயலாது. ஆயினும் நீங்கள் எழுதியிருப்பவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது, கழுத்தின் கீழ்ப்பகுதியிலிருந்து கைக்குச் செல்லும் நரம்பு ஒன்று அதன் வேரில் அழுத்தப்படுகிறது என்பதே முதலில் எண்ணத்தக்கது. வலி முதுகில் இருப்பதால் எல்லோரும் முதுகையே நீவியிருக்கிறார்கள். கழுத்தை யாரும் சோதித்ததாகத் தெரியவில்லை.

தோள்பட்டை எலும்பு முக்கோண வடிவிலான தட்டையான எலும்பு. அது முதுகின் பின்புறத்தில், ஏறத்தாழ இரண்டாம் விலா எலும்பிலிருந்து ஏழாம் விலா எலும்புவரை படர்ந்திருக்கிறது. காறை எலும்பின் வழியாக மட்டுமே உடலின் நடு எலும்புக்கூட்டோடு மூட்டாக இணைந்துள்ள அதனை, மற்றபடி இடத்தில் நிறுத்தி வைத்திருப்பவை 17 தசைகள். அவற்றுள் கழுத்திலிருந்து இறங்கி வரும் தசைகள் முக்கியமானவை. தலை முன்னோக்கிக் குனிந்திருக்கும் நேரம் முழுவதும், ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ள தலையை விழாமல் பிடித்திருக்கும் வேலையில் அவையும் பங்கேற்கின்றன. ஆகவே மெஷினின் முன் நாள் முழுவதும் அமர்ந்திருப்பவருக்கு இந்தப் பகுதியில் வெறும் தசைக் களைப்பால் மட்டுமே வலி வருவதும் மிகச் சாதாரணம். அவ்வாறு வரும் வலி ஓய்வு நாளில் தணியும், விரல்கள் மரத்துப்போகா. உங்களுக்கு விரல்கள் மரத்துப்போவதுதான் என் எண்ணத்தைத் தசையிலிருந்து நரம்பின் பக்கம் திருப்புகிறது.

கழுத்தில் பழுதிருக்க, வலி ஏன் தோள்பட்டை எலும்பின் ஓரத்தில் உணரப்படுகிறது? அந்த ஓரத்தில் உள்ள தசைகளுக்கு நரம்புகள் கழுத்திலிருந்தே வருகின்றன. கழுத்து எலும்புகளுக்கிடையிலுள்ள டிஸ்க் எனப்படும் தட்டிலிருந்து வரும் வலிச் செய்தியும் தண்டுவடத்தின் அதே பகுதிக்குள் நுழைவதால், எது எங்கிருந்து வந்தது என்பதை மூளையால் சரியாகப் பிரித்தறிய முடிவதில்லை. ஹவாய் தீவில் பணியாற்றிய நரம்பு அறுவை மருத்துவர் ரால்ஃப் கிளோவர்ட், விழித்திருந்த நோயாளிகளின் கழுத்து டிஸ்குகளில் ஊசி செலுத்திப் பார்த்தபோது அவர்களுக்குத் தோள்பட்டை எலும்பை ஒட்டிய பகுதியில் வலி எழுந்ததை 1959ஆம் ஆண்டிலேயே பதிவுசெய்திருக்கிறார். எனவே தோள்பட்டை எலும்பின் உள்ளோரத்தில் வலியென்று வருபவரின் கழுத்தைச் சோதிக்காமல் அனுப்பக் கூடாது என்பது புதிய செய்தியன்று.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்ட வரி, கையைத் தலைமேல் வைத்தால் தூக்கம் வருகிறது என்று போகிறபோக்கில் நீங்கள் எழுதியிருப்பதுதான். கையை அப்படி உயர்த்தும்போது நரம்பு வேரின் மீதுள்ள இழுப்பு தளர்கிறது. கழுத்து நரம்பு அழுத்தப்பட்டவர்கள் யாரும் சொல்லித் தராமலேயே இந்த நிலையைக் கண்டுபிடித்துக்கொள்கிறார்கள். தோள் மூட்டில் கோளாறு உள்ளவர்களுக்கோ கையைத் தூக்கினால் வலி கூடும். நடுவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போவது, ஆறாம், ஏழாம் கழுத்து முள்ளெலும்புகளுக்கு இடையிலிருந்து வெளிப்படும் ஏழாம் கழுத்து நரம்பைச் சுட்டுகிறது. கழுத்தில் மிக அதிகமாக அழுத்தத்துக்கு உள்ளாகும் நரம்பும் அதுவே.

ஆனால் தையல் தொழில் செய்பவர்களுக்கு மணிக்கட்டிலும் நரம்பு நெருக்கப்படுவதுண்டு. அதில் கட்டைவிரலும் சேர்ந்து மரத்துப்போகும். நள்ளிரவில் விழிப்பு வந்து, கையை உதறினால் சரியாகும். மருத்துவர் உங்கள் தலையை மெல்லப் பின்னும் பக்கவாட்டிலும் சாய்த்து வலி கைக்குள் இறங்குகிறதா என்று பார்ப்பார். முழங்கையை நீட்டும் வலிமையையும், அதற்குரிய அனிச்சைச் செயலையும், விரல்களின் தொடு உணர்வையும் சோதிப்பார். இதற்குப் பத்து நிமிடங்கள் போதும். எந்த ஸ்கேனும் எடுக்கும் முன் நடந்தாக வேண்டிய பரிசோதனை இது.

இதயத்தைப் பற்றிய உங்கள் அச்சம் காரணமற்றது என்று நான் சொல்ல மாட்டேன். மாரடைப்பின் வலி இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உணரப்படுவதுண்டு. பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் நெஞ்சுவலி தெளிவாக இல்லாமல் இவ்வாறு வருவதற்கு வாய்ப்பு கூடுதல். இருப்பினும் இதய வலி நடக்கும்போதும் படியேறும்போதும் வந்து, நின்றால் தணியும் தன்மையுடையது. கழுத்தைத் திருப்புவதாலோ கையைத் தலைமேல் வைப்பதாலோ பொதுவாக அது மாறுவதில்லை. இரண்டு மாதங்களாகக் குனிவதோடு கூடியும் நிமிர்வதோடு குறைந்தும் வரும் உங்கள் வலி அந்த வகையைச் சேர்ந்ததாகத் தோன்றவில்லை. ரத்தக் கொதிப்பு இருப்பதால் ஒருமுறை ஈ.சி.ஜி. எடுத்துக்கொள்வது நல்லது.

வியர்த்துக் கொட்டுதல், மூச்சுத்திணறல், நெஞ்சை அழுத்துதல், தாடைக்கோ இடது கைக்கோ வலி பரவுதல் ஆகியவை முதுகு வலியோடு சேர்ந்தாலும், கிழிப்பது போன்ற கடும் வலி திடீரென்று முதுகின் நடுவே தாக்கினாலும், எதையும் தேய்த்துக்கொண்டிருக்காமல் உடனே 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். பின்னது இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனியின் சுவர் கிழிவதால் வரக்கூடியது, ரத்தக் கொதிப்பு உள்ளவர்களே அதற்குப் பெரும்பாலும் ஆளாகிறார்கள்.

வலதுபுறத் தோள்பட்டை எலும்பில் வலி என்றால் பித்தப்பையையும் நினைக்க வேண்டும். எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்ட சிறிது நேரத்தில் வலது விலாவின் கீழ் தொடங்கிப் பின்பக்கம் பரவி, சில மணி நேரம் நீடித்து அடங்கும் வலி பித்தப்பைக் கல்லால் வருவது. வயிற்று ஸ்கேன் அதைக் காட்டிவிடும். ஒரு பக்கமாகப் பட்டையடித்தாற்போல் எரிச்சல் தோன்றிச் சில நாட்களில் கொப்புளங்கள் எழுந்தால் அது அக்கி. கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மருந்தைத் தொடங்கினால்தான் முழுப் பயன் கிடைக்கும். மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடைக் குறைவு ஆகியவற்றோடு ஓய்விலும் தணியாத முதுகுவலி இருந்தால், நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோயை விலக்காமல் மேலே செல்லக் கூடாது. புகைப்பவர் ஒருவருக்குத் தோளிலும் தோள்பட்டை எலும்பிலும் விடாத வலி இருந்து, கைத் தசையும் மெலிந்தால், நுரையீரலின் உச்சியில் புற்றுநோய்க் கட்டி உள்ளதா என்று படமெடுத்துப் பார்க்க வேண்டும். இவற்றுள் எதுவும் உங்கள் வருணனையோடு பொருந்தவில்லை. இதைப் படிக்கும் வேறு எவருக்கேனும் பொருந்தலாம் என்பதால் எழுதினேன்.

நீவிவிடுவதால் சில மணி நேரம் சுகம் கிடைப்பது இயல்பே. இறுகிய தசை தளர்கிறது. இறுகச் செய்த காரணம் கழுத்தில் அப்படியே இருக்கிறது. மெதுவாகத் தேய்த்துவிடுவதற்கும், துணி சுற்றிய வெந்நீர்ப் பையை 15 நிமிடங்கள் வைப்பதற்கும் நான் தடை சொல்லவில்லை. ஆனால் சுளுக்கு எடுப்பதாகச் சொல்லிக் கழுத்தை வெடுக்கென்று திருப்ப எவரையும் அனுமதிக்காதீர்கள். பிதுங்கிய டிஸ்க் மேலும் நகரக்கூடும். கழுத்து எலும்புகளின் ஊடே மூளைக்குச் செல்லும் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரவும்கூடும். இது அரிது, ஆயினும் நேர்ந்துவிட்டால் திருத்த முடியாதது.

உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையாகவே கவலையளிப்பது வலி மாத்திரை. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்றவை ரத்த அழுத்தத்தை உயர்த்துபவை. ரத்தக் கொதிப்புக்கான பல மாத்திரைகளின் பயனையும் அவை குறைக்கும். அந்த மாத்திரைகளுள் சிறுநீரை அதிகம் பிரியச் செய்யும் வகையும் இருந்தால் சிறுநீரகத்துக்கும் கேடு. வயிற்றுப் புண் வேறு. இரண்டு மாதங்களாக வாரத்தில் நான்கைந்து நாட்கள் உட்கொண்டிருக்கிறீர்கள் என்பதால், அவற்றை நிறுத்திவிட்டு, இந்த வாரமே ரத்த அழுத்தத்தையும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவை ரத்தப் பரிசோதனையிலும் பார்த்துக்கொள்ளுங்கள். கல்லீரல் நோய் இல்லாதவர், தேவைப்படும் நாட்களில் பாராசிட்டமால் 500 மில்லிகிராம் மாத்திரையை ஆறு மணி நேர இடைவெளியில் எடுத்துக்கொள்ளலாம். நரம்பு வலிக்கென்று மருத்துவர் பிரிகாபலின் போன்ற மருந்தைக் கொடுத்தால் முதல் நாட்களில் தூக்கக் கலக்கம் இருக்கும். ஓடும் ஊசியின் அருகே விரல் வைத்து வேலை செய்பவர் என்பதை அவரிடம் சொல்லிவிடுங்கள். சத்து ஊசியைப் பரிந்துரைப்பவர்களும் இருப்பார்கள். பி12 குறைபாடு இருப்பவருக்கு அது பயன்படும், அழுத்தப்பட்ட நரம்பை அது விடுவிக்காது.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் உடனே வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. நாற்பதைக் கடந்தவர்களுள் கழுத்தில் எந்த வலியும் இல்லாத பலருக்கும் டிஸ்க் தேய்ந்தோ பிதுங்கியோ இருப்பதை ஸ்கேன் காட்டும். அந்த அறிக்கையைப் படித்தே நோயாளியாகிவிடுபவர்கள் உண்டு. முறையான சிகிச்சையை ஆறு வாரங்கள் செய்தும் குறையாவிட்டால் ஸ்கேன் பயன் தரும். இடையில் கையில் வலிமை குறைந்தாலோ, பொருட்கள் பிடியிலிருந்து நழுவினாலோ, இரண்டு கைகளும் மரத்துப்போனாலோ, நடை தடுமாறினாலோ, சிறுநீர், மலம் கழிப்பதில் மாற்றம் தெரிந்தாலோ ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. தண்டுவடமே நெருக்கப்படுவதன் அடையாளங்கள் அவை.

சிகிச்சையின் பெரும்பகுதி இயன்முறை மருத்துவரிடம் இருக்கிறது. உங்களுக்கு இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் அதன் மருந்தகம் வழியாகவும், இல்லையென்றால் அரசு மருத்துவமனையின் பிசியோதெரபிப் பிரிவிலும் இதைப் பெறலாம். தொடக்கத்தில் கற்றுத்தரும் பயிற்சி எளிது: நிமிர்ந்து அமர்ந்து, பார்வை நேராக இருக்க, முகவாயை உயர்த்தாமலும் தாழ்த்தாமலும் தலையை அப்படியே பின்னுக்கு நகர்த்தி ஐந்து விநாடிகள் நிறுத்துவது, இவ்வாறு பத்து முறை. அடுத்தது, இரண்டு தோள்பட்டை எலும்புகளையும் மெல்லப் பின்னும் கீழுமாக இழுத்துச் சேர்ப்பது. தோள்களைக் காதுகளை நோக்கித் தூக்கிவிடக் கூடாது, பலர் செய்யும் தவறு இதுதான். சில வாரங்கள் கழித்து, சுவரில் இரு கைகளையும் ஊன்றித் தள்ளும் பயிற்சியைச் சேர்க்கலாம். இவற்றைச் செய்யும்போது வலி விரலை விட்டுப் பின்வாங்கிக் கழுத்தருகே வந்து குவிந்தால், கழுத்தில் சற்றுக் கூடுதலாக வலித்தாலும் அது நல்ல திசை. கைக்குள் மேலும் கீழிறங்கினால் பயிற்சியை நிறுத்திவிட்டு, கற்றுத்தந்தவரிடம் சொல்லுங்கள். கழுத்துப் பட்டையை வலி கடுமையான நாட்களில் மட்டும் சிறிது நேரம் அணியலாம். மாதக்கணக்கில் அணிந்தால் கழுத்துத் தசை வலுவிழக்கும்.

தலையணையை விட்டுவிடத் தேவையில்லை. மல்லாந்து படுப்பவருக்குத் தாழ்வானதும், ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோளுக்கும் காதுக்கும் இடையிலான இடைவெளியை நிரப்பும் உயரமுள்ளதும் ஏற்றவை. இரண்டு தலையணைகளை அடுக்கிப் படுப்பதும் குப்புறப் படுப்பதும் வேண்டாம்.

வேலையைப் பொறுத்தவரை, நீங்கள் அதை விட வேண்டும் என்று சொல்ல எனக்கு எந்தக் காரணமும் இப்போது இல்லை. ஆனால் அமரும் முறை மாற வேண்டும். மெஷின் மேசை முழங்கையின் உயரத்துக்கு அல்லது அதற்குச் சற்று மேலே இருக்குமாறு இருக்கையைச் சரிசெய்யுங்கள். முதுகைத் தாங்கும் சாய்வுள்ள நாற்காலியைக் கேட்டுப் பெறுங்கள். ஊசி விழும் இடத்துக்கு வெளிச்சம் போதுகிறதா என்று பாருங்கள். இவற்றைவிட முக்கியமாக, கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள். 44 வயதில் வெள்ளெழுத்து தொடங்கியிருக்கும். தையல் தெளிவாகத் தெரியாதவர் தன்னை அறியாமலே நாள் முழுவதும் குனிவார், அவருக்கு எத்தனை பயிற்சிகள் கற்றுத்தந்தாலும் பயன் குறைவே. நீங்கள் தைக்கும் தொலைவுக்கேற்ற கண்ணாடி வேண்டும் என்று கண் மருத்துவரிடம் குறிப்பாகக் கேளுங்கள். பீஸ் கணக்கில் கூலி பெறுபவரிடம் அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கச் சொல்வது எழுதுபவருக்குத்தான் எளிது என்பதை அறிவேன். அதனால் பாபினில் நூல் தீர்ந்து மாற்றும் ஒவ்வொரு முறையும் முகவாய்ப் பயிற்சியை மூன்று முறை செய்யுங்கள். அதற்குக் கூடுதலாக அரை நிமிடம்கூட ஆகாது.

கழுத்து நரம்பு அழுத்தத்தால் வரும் இத்தகைய வலி, பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சை இல்லாமலேயே சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தணிகிறது. முதலில் குறைவது பெரும்பாலும் வலிதான். விரல் மரப்பு அதற்குப் பின்னும் சில காலம் இருந்துவிட்டுப் போகும். ஆகவே மரப்பு நீடிப்பதை மட்டும் வைத்துச் சிகிச்சை பலிக்கவில்லை என்று கருதி இடையில் நிறுத்திவிடாதீர்கள். ஆறு வாரங்களுக்குப் பிறகு, முழங்கையை நீட்டும் வலிமையை முதல்முறை சோதித்த அதே மருத்துவரிடமே மீண்டும் சோதித்துக்கொள்ளுங்கள். முன்னைய நிலையை அறிந்தவரால்தான் சிறிய மாற்றத்தையும் கண்டுகொள்ள முடியும்.